கைரோபிராக்டரிடம் போகுமுன் ஒரு நோட்டு எடுத்து வையுங்கள்

கீழே விழுந்த பேனா மூடியை எடுக்கக் குனிந்தவன், நிமிர முடியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். சுகாதாரத் துண்டறிக்கைகளுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. ‘நீண்ட நேரம் தொடர்ந்து உட்காராதீர்கள்’ என்ற வரியில் ஒற்றுப்பிழை தேடிக்கொண்டு எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிற ஆள். இடுப்பு பிடித்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை. முதுகுவலியைப் பற்றி அத்தனை பக்கங்கள் படித்திருந்தும், வலி வந்ததும் முதலில் கண்ணில் பட்ட கைரோபிராக்டர் விளம்பரத்துக்குப் போன் செய்தேன் பாருங்கள், அதுதான் ஆச்சரியம். (முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்தி, அசைத்து வலிக்குச் சிகிச்சை செய்பவர்தான் கைரோபிராக்டர்.) 24 அமர்வுகளுக்கு முன்பணம் கட்டினேன். ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன். இரண்டு வருடம் கழித்து மறுபடி பிடித்தபோது வேறொருவரிடம் போனேன். ஐந்து அமர்வுகளில் வேலை முடிந்தது. இரண்டு அனுபவத்துக்கும் இருந்த வித்தியாசத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில், இது நம் ஒருவர் இருவர் பிரச்சினை இல்லை. 2020-இல் உலகம் முழுக்க 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு வலி இருந்தது. 2050-க்குள் இது 84.3 கோடியைத் தொடும் என்பது கணிப்பு. உயிரை எடுக்காமல் ஆளை முடக்கிப்போடும் நோய்களில் இதற்குத்தான் முதலிடம். இத்தனை பேருக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்து, அறுவை செய்து, வலி மாத்திரை கொடுத்துக் கட்டுப்படியாகாது. பெரும்பாலோருக்கு அது தேவையும் இல்லை. ஒரு மேசையும் பயிற்சி பெற்ற இரண்டு கைகளும் போதும் என்கிற சிகிச்சைக்குப் பொதுச் சுகாதாரத்தில் இடம் கிடைப்பது இதனால்தான். நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டியில் உடற்பயிற்சி, நோயாளிக்கு விளக்கிச் சொல்லுதல், மசாஜ் ஆகியவற்றோடு முதுகெலும்பைக் கையால் அசைத்துச் செய்யும் சிகிச்சையும் இருக்கிறது. இடுப்பு பெல்ட்டும், இழுவைச் சிகிச்சையும் வேண்டாம் என்கிறது அதே வழிகாட்டி. (என் அலமாரியில் இரண்டு பெல்ட் தூங்குகின்றன.)

ஆனால் பலனை மிகைப்படுத்திக்கொள்ளாதீர்கள். 47 ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வந்த மதிப்பீட்டின்படி, நாள்பட்ட இடுப்பு வலியில் இந்தச் சிகிச்சையின் பலன், உடற்பயிற்சி போன்ற மற்றப் பரிந்துரைகளின் பலனுக்கு ஏறத்தாழச் சமம். ஆக, இது பல வழிகளில் ஒரு வழி.

சரி, போவது என்று முடிவு செய்துவிட்டீர்கள். அதற்கு முன், போகக் கூடாதவர் பட்டியலில் நீங்கள் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். மலமோ சிறுநீரோ கட்டுப்பாட்டை மீறினால், சிறுநீர் வராமல் நின்றால், தொடை இடுக்கும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்துப்போனால், இரண்டு கால்களும் வலுவிழந்தால், கைரோபிராக்டரை மறந்துவிட்டு நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அங்கே ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. காய்ச்சலோடு வரும் முதுகுவலி, காரணம் தெரியாத எடைக்குறைவு, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, விழுந்து அடிபட்டது, பல மாதமாக ஸ்டீராய்டு எடுப்பது, இவற்றில் ஏதாவது இருந்தால் முதலில் மருத்துவர். என் அக்காவுக்கு எலும்பு மெலிந்திருக்கிறது. “உனக்குச் சரியானதே, எனக்கும் ஒரு தடவை அமுக்கிவிடச் சொல்லேன்” என்று கேட்டாள். கூடாது என்று சொல்லிவிட்டேன். மெலிந்த எலும்பில் வெடுக்கென்று கொடுக்கும் அழுத்தம் முறிவில் முடியலாம்.

அடுத்து ஆளைத் தேடுவது. உலக சுகாதார நிறுவனம் 2005-இல் வெளியிட்ட பயிற்சி வழிகாட்டி, வேறு மருத்துவப் படிப்பு இல்லாதவருக்கு நான்கு ஆண்டு முழுநேரப் படிப்பு, குறைந்தது 4200 மணி நேரம், அதில் 1000 மணி நேரம் மேற்பார்வையோடு நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சி என்று அளவு சொல்கிறது. சில நாடுகளில் இதற்குச் சட்டமும் பதிவேடும் உண்டு. அங்கே பெயரைப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். சட்டமே இல்லாத நாடுகளில் யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். அங்கே “எங்கே படித்தீர்கள், எத்தனை வருடம்?” என்று வாய்விட்டுக் கேட்பதுதான் வழி. கேட்கக் கூச்சமாக இருக்கும். நல்லவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

என் முதல் ஆள் ஐந்து நிமிடத்தில் எக்ஸ்ரே எடுத்தார். திரையில் என் முதுகெலும்பின் மேல் ஒரு சிவப்புக் கோடு இழுத்து, “இங்கே எலும்பு விலகியிருக்கிறது, நரம்பை அடைக்கிறது” என்றார். அடிவயிற்றில் பயம் கவ்வியது. அந்தச் சிவப்புக் கோட்டின் கதை பழையது. 1895-இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டி.டி. பாமர் கைரோபிராக்டிக் என்ற இந்த முறையைத் தொடங்கியபோது, பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் விலகிய எலும்பு என்றார். முதல் நோயாளிக்கு முதுகெலும்பைத் தட்டிவிட்டதும் காது கேட்டது என்பது அவர் சொன்ன கதை. பிரிட்டனில் இந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தும் ஜெனரல் கைரோபிராக்டிக் கவுன்சிலே 2010-இல், இந்த ‘விலகல்’ கருத்து வரலாற்றுக்குரியது, நோய்க்குக் காரணம் என்பதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. படத்தில் தெரியும் தேய்மானத்துக்கும் அலறத் தேவையில்லை. வலியே இல்லாத இருபது வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிகிறது; எண்பது வயதில் 96 சதவீதம். நரைமுடி மாதிரிதான். மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகள் இல்லாதபோது, திடீரென்று வந்த இடுப்பு வலிக்கு முதல் ஆறு வாரம் படம் எடுக்க வேண்டியதில்லை என்று அமெரிக்க கைரோபிராக்டிக் சங்கமே சொல்கிறது.

இரண்டாவது ஆள் படமே கேட்கவில்லை. காலைத் தூக்கச் சொன்னார், குதிகாலில் நடக்கச் சொன்னார், முழங்காலைச் சின்னச் சுத்தியலால் தட்டினார், அரை மணி நேரம் கேள்வி கேட்டார். அப்புறம், “உங்களால் இப்போது செய்ய முடியாத மூன்று வேலைகளைச் சொல்லுங்கள்” என்றார்.

இங்கேதான் நோட்டு வருகிறது. மூன்று வேலைகளை எழுதி ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து பத்து வரை மதிப்பெண் போடுங்கள். பூஜ்யம் என்றால் சுத்தமாக முடியாது; பத்து என்றால் பழையபடி முடிகிறது. என் நோட்டின் முதல் பக்கம்: சாக்ஸ் போடுவது 2, அரை மணி நேரம் உட்காருவது 3, படுக்கையில் புரள்வது 4. ‘வலி எப்படி இருக்கிறது’ என்று மட்டும் எழுதினால் மனம் ஏமாற்றும். சாக்ஸ் ஏமாற்றாது, கால் நுனிக்குக் கை எட்டுகிறதா இல்லையா, அவ்வளவுதான்.

மேசையில் என்ன நடக்கும் என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேல் காலை மடக்கி, ஒரு கையைத் தோளிலும் மறு கையை இடுப்பின் பின்புறத்திலும் வைப்பார். “மூச்சை விடுங்கள்” என்பார். நீங்கள் விட்டு முடிக்கும் நொடியில் சின்னதாக, வேகமாக ஓர் அழுத்தம். ‘டப்’. எலும்பு இடத்துக்கு வந்த சத்தம் இல்லை அது. விரலில் நெட்டி முறிக்கும்போது கேட்பதும் இதுதான்: மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் குறைந்து வாயுக்குழி உண்டாகிறது. சத்தம் வராவிட்டால் சிகிச்சை தோற்றது என்றும் இல்லை. அடுத்த ஓரிரு நாள் உடல் அடித்துப்போட்டது போல இருக்கலாம், பலருக்கு அப்படித்தான். அதைத் தாண்டியும் வலி ஏறிக்கொண்டே போனாலோ கால் மரத்தாலோ மருத்துவரைப் பாருங்கள்.

கழுத்து விஷயத்தில் நான் கறார். கழுத்தை வெடுக்கென்று திருப்புவதோடு தொடர்புடையதாகப் பேசப்படும் ஆபத்து, மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வருவது. மிக அரிது. ஏற்கெனவே கிழிந்திருப்பதால் வந்த கழுத்து வலியோடுதான் அவர்கள் சிகிச்சைக்கே வந்தார்கள் என்ற விளக்கமும் உண்டு, வாதம் முடியவில்லை. அதனால் ‘என் கழுத்தைச் சடாரென்று திருப்ப வேண்டாம்’ என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். மெதுவாக அசைக்கிற முறைகள் இருக்கின்றன, அவரும் தலையாட்டினார். இதுவரை வராத மாதிரி திடீர்க் கழுத்து வலியோ தலைவலியோ, கூடவே தலைசுற்றல், இரட்டைப் பார்வை, நாக்குழறல் இருந்தால் கழுத்தில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். அது அவசர சிகிச்சை.

எதிர்ப்புச் சக்தி கூடும், ஆஸ்துமா குறையும், கைக்குழந்தையின் அழுகை நிற்கும் என்று பேச்சு போனால் எழுந்து வந்துவிடுங்கள். கொரோனா பரவிய 2020 மார்ச்சில், முதுகெலும்பைச் சரிசெய்வதால் எதிர்ப்புச் சக்தி கூடும் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்று உலக கைரோபிராக்டிக் கூட்டமைப்பே அறிவித்தது. தொழிலுக்குள்ளேயே இரண்டு கட்சி. நமக்கு வேண்டியது முதுகோடு நிறுத்திக்கொள்ளும் கட்சி.

முக்கியமானது, எப்போது நிறுத்துவது என்பதை முதல் நாளே எழுதிவிடுங்கள். நான் எழுதியது: ‘நான்கு வாரம் அல்லது ஆறு அமர்வு. மூன்று மதிப்பெண்களில் குறைந்தது இரண்டு, தலா இரண்டு புள்ளி ஏறாவிட்டால் நிறுத்தம்.’ இந்த எண்கள் என் கணக்கு, நீங்கள் மாற்றிக்கொள்ளலாம். எழுதாமல் மட்டும் விடாதீர்கள். முன்பணம் கேட்டால் ஒவ்வொரு தடவையும் கட்டுகிறேன் என்று சொல்லுங்கள். முன்பணம் கட்டியவனுக்கு நிறுத்த மனம் வராது, நானே சாட்சி. ஒவ்வொரு அமர்விலும் வீட்டில் செய்ய ஏதாவது பயிற்சி கேளுங்கள். அழுத்தத்தால் கிடைக்கும் இளக்கம் கொஞ்ச காலத்துக்குத்தான். அதற்குள் நடக்கவும் குனியவும் பழகிவிட வேண்டும்.

ஐந்தாம் அமர்வில் அந்த இரண்டாவது ஆள் என் நோட்டைப் பார்த்தார். சாக்ஸ் 8, உட்காருவது 7, புரள்வது 9. “இனி வர வேண்டாம். நடங்கள், பயிற்சியை விடாதீர்கள். மறுபடி பிடித்தாலும் பதறாதீர்கள், பலருக்குத் திரும்ப வரும்” என்றார். போன வருடம் வந்தது. நோட்டை எடுத்துப் புதுப் பக்கத்தில் சாக்ஸ் 3 என்று எழுதினேன், பயிற்சியைத் தொடங்கினேன், வீட்டுக்குள்ளேயே மெதுவாக நடந்தேன். பன்னிரண்டாம் நாள் 8. அவருக்குப் போன் செய்யவில்லை.