கௌட் வலி: வந்த இரவில் என்ன செய்வது, வராமல் இருக்க என்ன செய்வது

இதைப் படிப்பவர்கள் இரண்டு வகையாக இருப்பீர்கள். ஒருவர் இப்போதே காலை நீட்டிப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு போனில் தேடிக்கொண்டிருப்பவர். அவர் நேராகப் படி 1-க்குப் போகலாம், மற்றதை வலி அடங்கியதும் வந்து படித்தால் போதும். இன்னொருவர், போன மாதம் வந்தது, ஒரு வாரம் படுத்தி எடுத்தது, தானாகப் போய்விட்டது, இனி வாயைக் கட்டினால் சரியாகிவிடும் என்று இருப்பவர். உண்மையில் இவரை நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். கௌட் என்ற இந்த மூட்டு நோயைப் பொறுத்தவரை வலி உள்ள நாட்களில் நம்மால் செய்ய முடிவது கொஞ்சம், வலி இல்லாத மாதங்களில் செய்ய வேண்டியதுதான் நிறைய. பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

எதற்கு இவ்வளவு வலி என்று ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன். உடலின் செல்களிலும் நாம் சாப்பிடும் உணவிலும் பியூரின் என்ற பொருள் இருக்கிறது, அது சிதைந்து கடைசியில் யூரிக் அமிலமாகிறது. பெரும்பாலான பாலூட்டிகளிடம் இந்த அமிலத்தை மேலும் உடைக்கும் ஒரு நொதி உண்டு, மனிதர்களிடம் இல்லை. அதனால் சிறுநீரகமும் ஓரளவு குடலும்தான் அதை வெளியேற்ற வேண்டும். வெளியேற்றுவது குறைந்தால் ரத்தத்தில் ஏறுகிறது. டெசிலிட்டருக்கு சுமார் 6.8 மில்லிகிராம் தாண்டினால், ஆறிய சர்க்கரைப் பாகில் கல் கட்டுவது போல, மூட்டுக்குள் ஊசி ஊசியாகப் படிகங்கள் உருவாகத் தொடங்கும். வருடக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும். ஒரு நாள் வெள்ளை அணுக்கள் அவற்றை எதிரியாக நினைத்துத் தாக்கும்போதுதான் அந்த நெருப்பு. கால் பெருவிரலின் அடிமூட்டு உடலின் நடுப்பகுதியை விடக் குளிர்ச்சியான இடம், குளிரில் யூரிக் அமிலம் கரைவது குறையும், அதனால்தான் அங்கே முதலில் வருகிறது என்று ஒரு விளக்கம் உண்டு. கணுக்கால், முழங்கால், கை விரல், மணிக்கட்டு என்று எங்கும் வரலாம்.

படி 1: இது கௌட்தானா, அவசரமா என்று பாருங்கள்

படுக்கும்போது நன்றாக இருந்த கால் விடிவதற்குள் சிவந்து, பளபளவென்று வீங்கி, சுடுகிறது. போர்வை நுனி பட்டால்கூடத் தாங்கவில்லை. பக்கத்தில் ஒருவர் நடந்து போகும் அதிர்வே வலிக்கிறது. ஒரே மூட்டு, 12 முதல் 24 மணி நேரத்துக்குள் வலி உச்சிக்குப் போகிறது. இந்த வர்ணனை பொருந்தினால் கௌட்டாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆனால் மூட்டில் கிருமித் தொற்று வந்தாலும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும், அது சில நாட்களில் மூட்டையே அரித்துவிடும். காய்ச்சலோ குளிர் நடுக்கமோ இருந்தால், மூட்டருகே புண் இருந்தால், எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவராக இருந்தால், மூட்டில் சமீபத்தில் அறுவை சிகிச்சையோ ஊசியோ நடந்திருந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வாழ்க்கையில் முதல் முறையாக இப்படி ஒரு வலி என்றால், காய்ச்சல் இல்லாவிட்டாலும் அன்றைக்கே ஒரு மருத்துவர் அந்த மூட்டைப் பார்த்துவிட வேண்டும். ஏற்கெனவே கௌட் உள்ளவருக்கும் தொற்று வரலாம், 'எனக்குத் தெரிந்த வலிதானே' என்று எல்லாத் தடவையும் விட்டுவிட முடியாது.

படி 2: மருந்தைச் சீக்கிரம் எடுங்கள்

முதல் 24 மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் மருந்து நன்றாகக் கேட்கும். அதனால் ஒரு முறை கௌட் என்று உறுதியானவர்கள், அடுத்த தடவைக்கு என்ன மாத்திரை, எத்தனை, எவ்வளவு நாள் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி, மாத்திரையையும் வீட்டில் வைத்திருப்பது நல்லது. ராத்திரி இரண்டு மணிக்கு நொண்டிக்கொண்டு மருந்துக்கடை தேடும் வேலை மிச்சம்.

மருந்து மூன்று வகை. மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு வேலை செய்யும். எது உங்களுக்கு என்பதைத் தீர்மானிப்பது உங்களுடைய மற்ற நோய்கள்தான்.

முதலாவது கோல்ச்சிசின். செங்காந்தள் செடியில் இருக்கும் அதே பொருள்தான் (அதற்காகக் கிழங்கைத் தோண்டிச் சாப்பிட்டுவிடாதீர்கள், அது உயிரைக் கொல்லும் விஷம்). இப்போதைய முறை, 0.5 மி.கி. மாத்திரை என்றால் முதலில் இரண்டு, ஒரு மணி நேரம் கழித்து ஒன்று, அன்றைக்கு அவ்வளவுதான். வயிற்றுப்போக்கு வரும்வரை மணிக்கு ஒன்று என்று விழுங்கச் சொன்ன பழைய முறை இன்னமும் வாய்வழியாக உலாவுகிறது, அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். 2010-இல் வெளியான ஒரு சோதனையில் குறைந்த அளவே அதிக அளவுக்கு ஈடாக வேலை செய்தது, வயிறும் பிழைத்தது. சிறுநீரகம் பலவீனமானவர்களும், கிளாரித்ரோமைசின், சைக்ளோஸ்போரின் போன்ற மருந்து எடுப்பவர்களும் கேட்காமல் இதைத் தொடக் கூடாது, உடலில் தேங்கி நஞ்சாகிவிடும். கொழுப்புக்கு ஸ்டாட்டின் மாத்திரை எடுப்பவர்கள் அதையும் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது நாப்ராக்சன், இண்டோமெத்தசின் போன்ற வலி மாத்திரைகள். முழு அளவில், சாப்பிட்ட பிறகு, சில நாட்கள் மட்டும். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இதயப் பலவீனம், ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, இதில் எது இருந்தாலும் இந்த வகை வேண்டாம். மூன்றாவது ஸ்டீராய்டு, பிரெட்னிசோலோன் என்றால் தினம் 30 மி.கி. அளவில் ஐந்து நாள் போலக் கொடுப்பார்கள், அல்லது மூட்டுக்குள்ளேயே ஊசி போடுவார்கள். முதல் இரண்டும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது பெரிய உதவி, ஆனால் அந்த நாட்களில் சுகர் எகிறும், சர்க்கரை நோயாளிகள் அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெறும் பாராசிட்டமால் இந்த வீக்கத்துக்கு எட்டாது. வலிக்காக ஆஸ்பிரின் போடாதீர்கள், அது யூரிக் அமிலக் கணக்கையே குழப்பும். இதயத்துக்காகச் சின்ன ஆஸ்பிரின் தினமும் எடுப்பவரா, அதை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

படி 3: மூட்டுக்கு ஓய்வு, ஐஸ், ஓர் அட்டைப்பெட்டி

ஐஸைத் துணியில் சுற்றி 20 நிமிடம், பிறகு இடைவெளி, மறுபடி. சூடு ஒத்தடம் வேண்டாம், தைலம் தேய்த்து அழுத்தவே வேண்டாம். காலைத் தலையணைகள் மேல் தூக்கி வையுங்கள். அப்புறம் அந்தப் போர்வைப் பிரச்சினைக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது: பாதம் நுழையும் அளவுக்கு ஓர் அட்டைப்பெட்டியை எடுத்து, ஒரு பக்கத்தை வெட்டிவிட்டு, கட்டிலில் கால் மாட்டில் கவிழ்த்து, பாதத்தை உள்ளே விட்டுக்கொண்டு பெட்டியின் மேல் போர்வையைப் போர்த்துங்கள். துணி விரலைத் தொடாது, காலும் குளிராது, கொஞ்சமாவது தூக்கம் வரும். எழுந்து நடந்தே ஆக வேண்டும் என்றால் ஊன்றுகோலை வலி இல்லாத பக்கத்துக் கையில் பிடியுங்கள்.

தண்ணீர் நன்றாகக் குடியுங்கள் (இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ தண்ணீர் அளவு குறைத்திருந்தால் அந்த அளவுக்குள்). மது அறவே வேண்டாம். பட்டினியும் வேண்டாம், பட்டினி கிடந்தால் யூரிக் அமிலம் ஏறும். யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை ஏற்கெனவே எடுத்துவருபவர்கள் வலி வந்துவிட்டதே என்று அதை நிறுத்தாமல் வழக்கம்போல எடுங்கள்.

ஒன்றும் செய்யாவிட்டாலும் ஒன்றிரண்டு வாரத்தில் வலி போய்விடும். இந்த நோயின் சூழ்ச்சியே இதில்தான் இருக்கிறது. வலி போகிறது, படிகங்கள் போகவில்லை.

படி 4: சரியான நேரத்தில் ரத்தப் பரிசோதனை

வலி உச்சத்தில் இருக்கும்போது எடுத்த பரிசோதனையில் யூரிக் அமிலம் சரியாக இருக்கிறது என்று வரலாம், அப்போது அளவு தற்காலிகமாக இறங்குவது உண்டு. அதை வைத்து கௌட் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. வலி அடங்கி இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். கூடவே கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), சுகர், கொழுப்பு, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் பார்த்துவிடுவது நல்லது, இவை பெரும்பாலும் கௌட்டோடு கூட்டணி வைத்துத்தான் வரும். சந்தேகம் தீரவில்லை என்றால், மூட்டிலிருந்து கொஞ்சம் நீரை ஊசியால் எடுத்து நுண்ணோக்கியில் படிகத்தைத் தேடுவார்கள், அதுதான் உறுதியான சோதனை.

இதன் மறுபக்கமும் தெரிந்திருக்க வேண்டும். யூரிக் அமிலம் அதிகமாக இருந்தும் வாழ்நாள் முழுக்க ஒரு முறைகூட வலி வராதவர்கள் ஏராளம். ரிப்போர்ட்டில் எண் சிவப்பாக இருக்கிறது என்பதற்காக மட்டும் பொதுவாக மருந்து தருவதில்லை.

நீங்கள் எடுக்கும் எல்லா மாத்திரைகளின் பட்டியலையும் கொண்டுபோங்கள். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் நீர் மாத்திரைகள் பல யூரிக் அமிலத்தை ஏற்றிவிடும், அதே ரத்த அழுத்தத்துக்கான லோசார்டான் என்ற மாத்திரை கொஞ்சம் இறக்கும். மாற்ற முடியுமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், ஆனால் கேட்க வேண்டியது நீங்கள்.

படி 5: யூரிக் அமிலத்தைக் குறைக்கும் தினசரி மாத்திரை வேண்டுமா

வருடத்துக்கு இரண்டு தடவை அல்லது அதற்கு மேல் வந்தால், காது மடல், முழங்கை, விரல் ஓரங்களில் யூரேட் கட்டிகள் (யூரிக் அமிலப் படிகங்கள் சேர்ந்து உண்டாகும் கட்டிகள்) தெரிந்தால், எக்ஸ்ரேயில் மூட்டு சேதமாகியிருந்தால், நிச்சயம் வேண்டும். முதல் தடவைதான் என்றாலும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர், சிறுநீரகக் கல் வந்தவர், யூரிக் அமிலம் 9-க்கு மேல் உள்ளவர் ஆரம்பிப்பதைப் பற்றிப் பேச வேண்டும்.

பெரும்பாலும் முதலில் கொடுப்பது அல்லோபியூரினால். 1960-களிலிருந்து புழக்கத்தில் இருக்கும் மருந்து, இதற்குப் பின்னால் இருந்த கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிச்சிங்ஸும் 1988-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். தினம் 100 மி.கி. அல்லது அதற்கும் குறைவாக ஆரம்பித்து, சில வாரங்களுக்கு ஒரு முறை ரத்தம் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போக வேண்டும். எதுவரை? யூரிக் அமிலம் 6-க்குக் கீழே வரும்வரை. கட்டிகள் உள்ளவர்களுக்கு 5-க்குக் கீழே. சில ஆய்வுக்கூடங்கள் மைக்ரோமோலில் தருவார்கள், அங்கே 6 என்பது சுமார் 360. 300 மி.கி.யோடு நிறுத்திவிட்டு, எண் 7.5-இல் நிற்கிறதே என்று யாரும் கவனிக்காமல் விடுவது அடிக்கடி நடக்கிறது. குறி வைக்க வேண்டியது அந்த எண்ணை, மாத்திரையின் அளவை இல்லை.

இப்போது ரொம்ப முக்கியமான இடம். மாத்திரை ஆரம்பித்த முதல் சில மாதங்களில் வலி கூடலாம். படிகங்கள் கரையத் தொடங்கும்போது அசைந்து கொடுப்பதால் உடல் மறுபடி சண்டைக்கு வருகிறது. 'இந்த மாத்திரைதான் எனக்கு வலியைக் கொண்டுவந்தது' என்று பாதிப் பேர் தூக்கிப் போடுவது இந்தக் கட்டத்தில்தான். இதற்காகவே முதல் மூன்று முதல் ஆறு மாதம் குறைந்த அளவு கோல்ச்சிசினைத் துணைக்குத் தருவார்கள், தரவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். அந்தக் காலத்தைத் தாண்டிவிட்டால் வருடம் போகப் போக வலி அரிதாகி, பலருக்கு முற்றிலும் நின்றுவிடும். நின்ற பிறகும் மாத்திரை தொடர வேண்டும், விட்டால் எண் மறுபடி ஏறும்.

ஓர் எச்சரிக்கை. அல்லோபியூரினால் ஆரம்பித்த பிறகு தோலில் தடிப்பு, வாயில் புண், காய்ச்சல் எது வந்தாலும் மாத்திரையை உடனே நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். அபூர்வம்தான், வந்தால் உயிருக்கே ஆபத்து. ஹான் சீனர், கொரியர், தாய்லாந்துக்காரர் போன்றவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம் என்பதால் முன்கூட்டியே ஒரு மரபணுப் பரிசோதனை செய்வார்கள். அசாத்தியோப்ரின் (எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் ஒரு மருந்து) எடுப்பவர்களும் இதை எடுக்கக் கூடாது. ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஃபெபுக்சோஸ்டாட் உண்டு, இதய நோய் உள்ளவர்கள் அதைப் பற்றித் தனியாகப் பேசிவிட்டு ஆரம்பியுங்கள்.

படி 6: சாப்பாடு

இதை வேண்டுமென்றேதான் ஆறாவதாக வைத்தேன். உடலில் உண்டாகும் யூரிக் அமிலத்தில் பெரும்பகுதி உடலே தயாரிப்பது, உணவிலிருந்து வருவது சுமார் மூன்றில் ஒரு பங்கு. வாயை எவ்வளவு கட்டினாலும் எண் சுமார் ஒரு மில்லிகிராம் மட்டும்தான் இறங்கும், 9-இல் இருப்பவர் பத்தியத்தால் மட்டும் 6-க்கு வருவது நடக்காத காரியம். அதனால் வலி வந்தவரைப் பார்த்து 'என்ன சாப்பிட்டாய்' என்று குற்றவாளி போல விசாரிப்பதை வீட்டில் உள்ளவர்கள் விட்டுவிடலாம், இதில் பரம்பரைக்கும் சிறுநீரகத்துக்கும் பெரிய பங்கு உண்டு.

குறைக்க வேண்டியவை: பீர் முதலில், அடுத்து மற்ற மதுவகைகள், சர்க்கரை போட்ட குளிர்பானங்கள், ஈரல் போன்ற உள்ளுறுப்பு இறைச்சி, சிவப்பு இறைச்சி, மத்தி, நெத்திலி, சிப்பி வகைகள். பருப்பு, கீரை, காளான் ஆகியவற்றிலும் பியூரின் உண்டுதான், ஆனால் அவற்றைச் சாப்பிட்டவர்களுக்கு கௌட் கூடவில்லை என்று 2004-இல் வந்த பெரிய ஆய்விலேயே தெரிந்துவிட்டது, பயமில்லாமல் சாப்பிடலாம். கொழுப்பு குறைந்த பாலும் தயிரும் நல்லது. எடை அதிகமென்றால் மெதுவாகக் குறையுங்கள், ஒரே மாதத்தில் குறைக்கும் கடும் பட்டினி வைத்தியம் வலியை வரவழைக்கும்.

படி 7: ஒரு சீட்டு எழுதி வையுங்கள்

போனிலோ பர்ஸிலோ ஒரு சின்னக் குறிப்பு: எனக்கு கௌட் இருக்கிறது, தினசரி மாத்திரை இது, இத்தனை மி.கி., கடைசி யூரிக் அமில எண் இது, வலி வந்தால் எடுப்பது இது, ஒத்துக்கொள்ளாதது இது. அறுவை சிகிச்சைக்கோ வேறு நோய்க்கோ மருத்துவமனையில் சேர்ந்தால் இதை முதலிலேயே காட்டுங்கள். நீர் வற்றுவதும் சாப்பிடாமல் இருப்பதும் சேர்ந்து அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய நாட்களில் கௌட் கிளம்புவது சகஜம், அந்தக் களேபரத்தில் தினசரி மாத்திரையை எழுத மறந்துவிடுவதும் உண்டு. பயணம் போகும்போது வலி மாத்திரை கைப்பையில் இருக்கட்டும், கட்டிப் போடும் பெட்டியில் வேண்டாம். எண் 6-க்குக் கீழே நிலைத்த பிறகு ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒரு முறை ரத்தம் பார்த்தால் போதும், அடுத்த தேதியையும் அதே சீட்டில் குறித்துவிடுங்கள்.