நாலு நாளைத் தின்ற கழுத்து நாடா

2021 சட்டமன்றத் தேர்தலுக்கு முன், திருச்சிப் பக்கம் ஒரு தொகுதியில் கருத்துக்கணிப்பு. 40 வீடு ஏறி இறங்கினால் 17 வீட்டில் "இன்னும் முடிவு பண்ணலைங்க". பக்கத்துத் தொகுதியில் அப்படி அஞ்சாறுதான்.

'யாருக்கு ஓட்டு' என்ற கேள்வியை விலைவாசி, குடிதண்ணீருக்குப் பின்னால் தள்ளிப் பார்த்தேன். களப்பணியாளர்களை மாற்றினேன். வேலைக்குப் போனவர்கள் திரும்பும் நேரமாக, சாயங்காலம் அனுப்பினேன். அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சட்டையோடு என் அடையாள அட்டையும் ஆணியில் தொங்கியது. மாவு வாங்க வந்த பக்கத்து வீட்டு அக்கா, "என்ன தம்பி, கட்சியில சேர்ந்துட்டியா?" என்றார். அப்போதுதான் நாடாவைப் பார்த்தேன்: ஒரு பாதி கறுப்பு, மறுபாதி சிவப்பு. பழைய நாடா தீர்ந்துபோய், அந்தத் தொகுதிக்கு மட்டும் கடைத்தெருவில் அவசரமாக வாங்கிய கட்டு. திமுக கொடி நிறத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போய்க் கேட்டால், வேறு கட்சிக்காரர் எப்படி மனம்விட்டுச் சொல்வார்?

திங்களன்று வெறும் வெள்ளை நாடா. கேள்வி, ஆள், நேரம் எதையும் தொடவில்லை. 40-க்கு 6. நிம்மதியாக இருந்தது. பழைய நாலு நாள் தாள்களை ஒதுக்கிவிட்டு, வேறு தெருக்களில் முதலிலிருந்து எடுத்தோம்.