பழைய காரின் ரிம்முக்குப் புது பெயின்ட்: என் அனுபவம்

முதல் தடவை துருவின் மேலேயே பெயின்ட் அடித்துவிட்டேன். ஒரே மழைக்காலத்தில் கொப்புளம் கொப்புளமாக எழும்பி உரிந்தது. சரி என்று இந்த முறை டயரைக் கழற்றிவிட்டு, கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, 80, 180, 320 நம்பர் உப்புத்தாளால், சொரசொரப்பானதில் தொடங்கி நைசானது வரை, வரிசையாகத் தேய்த்தேன். டயர் உட்காரும் விளிம்பில்தான் துரு ஒளிந்திருந்தது. இத்தனை நாள் காற்று கசிந்ததும் அங்கேதான். தின்னரால் துடைத்தபின் வெறுங்கை படவே கூடாது. அப்புறம் பிரைமர் (பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு), அதன்மேல் மெல்லிசாக மூன்று கோட். நட்டு உட்காரும் குழிகளை மட்டும் டேப் ஒட்டி மறைத்தேன். அங்கே பெயின்ட் தடித்தால் நசுங்கி, நட்டு தளர்ந்துவிடும். ஒரு வாரம் காயவிட்டு மாட்டினேன். 80 கிலோமீட்டர் ஓட்டியதும் மறுபடி முறுக்கிப் பார்த்தால், ஒரு நட்டு கால் சுற்று இறங்கியது.