வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு இழப்பீடு கேட்பதா, வேண்டாமா: முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

பவர் பிரஸ்ஸில் விரல் நசுங்கியவரும், சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தவரும், காயம் ஆறத் தொடங்கியதும் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள். ஆஸ்பத்திரிச் செலவை முதலாளி ஏற்றுக்கொண்டார், கைச்செலவுக்கும் கொஞ்சம் கொடுத்தார். இதற்கு மேலும் இழப்பீடு கேட்கலாமா? நன்றி கெட்டவன் என்ற பெயர் வருமோ, வேலை போய்விடுமோ என்ற அச்சத்திலேயே பலர் காலத்தைக் கடத்திவிடுகிறார்கள். தயக்கம் இயல்பானதுதான். ஆனாலும் கணக்கையும் ஆவணங்களையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது, இழப்பீடு கேட்பது முதலாளி மீது குற்றம் சுமத்துவதாகாது என்பது. 1923ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம், வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் விபத்து நேர்ந்ததா என்பதை மட்டுமே கேட்டது; யார் கவனக்குறைவால் நேர்ந்தது என்பதை அது அளவுகோலாக வைக்கவில்லை. 2025 நவம்பர் 21 முதல் அச்சட்டத்தின் இடத்துக்கு, 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. இந்த அடிப்படை அதிலும் தொடர்கிறது. நல்ல முதலாளியிடமும் கேட்கலாம். அவர் தொழிலாளர்களுக்காகக் காப்பீடு எடுத்திருந்தால், பணம் அவர் பையிலிருந்து போகப்போவதும் இல்லை.

அடுத்து, உங்களுக்கு இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீடு உண்டா என்று பாருங்கள். பொதுவாகப் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குவோருக்கு 2017 முதல் அது பொருந்துகிறது. இ.எஸ்.ஐ. உள்ளவர் முதலாளியிடம் தனியாக இழப்பீடு கோர முடியாது; அதற்குப் பதிலாக, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரி ஊதியத்தில் ஏறத்தாழ 90 சதவீதமும், நிரந்தர ஊனம் என்று மருத்துவக் குழு முடிவு செய்தால் மாதாமாதம் உதவித்தொகையும் கிடைக்கும். முதலாளி உங்களைப் பதிவு செய்யாமல் விட்டிருந்தாலோ, பிடித்த சந்தாவைக் கட்டாமல் இருந்தாலோ, உங்கள் உரிமை அதனால் போய்விடாது. இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் எழுத்து மூலம் முறையிடுங்கள்.

இ.எஸ்.ஐ. இல்லாதவருடைய வழக்கு நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் முதல் நாள் எழுதப்படும் தாளில்தான். காயம்பட்டவரை மருத்துவமனையில் சேர்க்கும்போது, அவர் வலியில் இருக்க, கூட வந்த மேஸ்திரியோ சூப்பர்வைசரோ "வீட்டில் வழுக்கி விழுந்துவிட்டார்" என்று சொல்லிவிடுவதுண்டு. விபத்துப் பதிவேட்டில் அப்படியே ஏறிவிடும். ஏ.ஆர். காப்பி என்று எல்லோரும் சொல்லும் அந்த நகலை எப்பாடு பட்டாவது கேட்டு வாங்கி, எந்த இடத்தில், எந்த இயந்திரத்தில், எத்தனை மணிக்கு என்று சரியாக எழுதியிருக்கிறதா என்று குடும்பத்தார் படித்துப் பார்க்க வேண்டும். தவறாக இருந்தால், நடந்ததை விளக்கி அன்றே அல்லது மறுநாளே மருத்துவருக்கும் நிர்வாகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் எழுதிக் கொடுத்து ஒப்புகை பெற வேண்டும். சம்பளம் வங்கியில் ஏறிய பாஸ்புக், அடையாள அட்டை, உடன் வேலை செய்தோரின் பெயர்கள் ஆகியவற்றையும் உடனே சேர்த்து வையுங்கள். உடன் இருந்தவர்கள் ஆறு மாதத்தில் வேறு ஊருக்குப் போயிருப்பார்கள்.

இனி கணக்கு. முதலாளி ஒரு தொகை தர முன்வந்தால், ஏற்பதற்கு முன் இதைப் போட்டுப் பார்க்காமல் தலையாட்டாதீர்கள். நிரந்தர முழு ஊனத்துக்கு மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும்; இறப்புக்கு அது 50 சதவீதம். சம்பளம் எவ்வளவு கூடுதலாக இருந்தாலும் கணக்குக்கு எடுக்கும் உச்சவரம்பு, 2020 ஜனவரியில் நிர்ணயிக்கப்பட்டபடி 15,000 ரூபாய். முப்பது வயதுக்கான காரணி 207.98. ஆக 15,000இல் 60 சதவீதமான 9,000த்தை அதனால் பெருக்கினால் 18,71,820 ரூபாய். ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் சட்ட அட்டவணைப்படி உழைப்புத் திறன் இழப்பு 14 சதவீதம்; எனவே அவருக்குச் சேர வேண்டியது ஏறக்குறைய 2,62,000 ரூபாய். கட்டைவிரல் போயிருந்தால் 30 சதவீதம். "ஐம்பதாயிரம் வாங்கிக்கொள், பிரச்சினை வேண்டாம்" என்ற பேச்சை இந்தத் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மருத்துவச் செலவு இதில் சேராது. அது தனியே ஈடு செய்யப்பட வேண்டியது.

அட்டவணையில் இல்லாத காயத்துக்கு மருத்துவர் மதிப்பிடுவார். ஊனச் சான்றிதழில் உள்ள சதவீதமும் உழைப்புத் திறன் இழப்பும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இடது கை முழங்கைக்கு மேல் துண்டிக்கப்பட்ட ஒரு தச்சர், தச்சு வேலையே செய்ய முடியாதவரானதால், அவருடைய இழப்பு முழுமையானது என்பதை 1975இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. உங்கள் தொழிலை இனி உங்களால் செய்ய முடியுமா என்பதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லிச் சான்றில் எழுதச் செய்யுங்கள்.

கேட்காமல் விடுவது பொருத்தமாக இருக்கும் இடங்களும் உண்டு. மூன்று நாளுக்குள் தேறிவிடும் சிறு காயத்துக்கு இழப்பீடு கிடையாது. குடிபோதையிலோ, பாதுகாப்புக் கவசத்தை வேண்டுமென்றே கழற்றியதாலோ காயம்பட்டால், இறப்போ முழு ஊனமோ ஏற்படாதவரை, கோரிக்கை மறுக்கப்படலாம். ஆனால் உற்பத்தி வேகத்துக்காக இயந்திரத்தின் காப்புத் தகட்டைக் கழற்றி வைக்கச் சொன்னது நிர்வாகமே என்றால் பழி உங்களுடையது ஆகாது. அதைச் சொல்லச் சாட்சியைத் தேடுங்கள். கணக்குக்குக் குறையாத தொகையை முதலாளி தாமாகவே தருகிறார் என்றால் வழக்குத் தேவையில்லை. அப்போதும் உடன்பாட்டை இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கும் அதிகாரியிடம் பதிவு செய்துகொள்வது அவசியம். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் தாள் சட்டப்படி செல்லாது. இருந்தும் வெற்றுத் தாளில் கையெழுத்தோ கைநாட்டோ போட வேண்டாம். அது செல்லாது என்று நிரூபிக்கவே ஆண்டுகள் போய்விடும்.

ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்குப் போனவர், வேலையை ஒப்படைத்த முதன்மை முதலாளியிடமும் கோரலாம். அதே காயத்துக்கு உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டால் இந்த வழி அடைபடும் என்பதால், இரண்டில் ஒன்றை முன்பே தேர்ந்துகொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் இம்மனுக்களை விசாரித்து வந்தவர்கள் தொழிலாளர் இணை ஆணையர்களும் துணை ஆணையர்களும். விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் மன்னிக்கப்படலாம், எனினும் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால், ஏ.ஆர். காப்பியையும் பாஸ்புக்கையும் எடுத்துக்கொண்டு மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் செல்லுங்கள். தொழிற்சாலைத் தொழிலாளருக்கும் பெண்களுக்கும், அவர்கள் வருமானம் எவ்வளவாயினும், அங்கே இலவசச் சட்ட உதவி உண்டு.