சைக்கிட்-லேர்னில் லாஜிஸ்டிக் ரிக்ரெஷனுக்கு உகப்பாக்க முறையைத் தேர்ந்தெடுத்தல்

பைத்தானில் இயந்திரக் கற்றல் பழகத் தொடங்குவோர் பலரும் முதலில் நாடும் திறமூல நூலகம் சைக்கிட்-லேர்ன். அதில் தரவை வகுப்புகளாகப் பிரிக்கும் லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் மாதிரியை இயக்கும்போது, உகப்பாக்க முறையைக் குறிக்கும் ‘சால்வர்’ என்னும் அளவுருவுக்கு எல்பிஎஃப்ஜிஎஸ், லிப்லீனியர், நியூட்டன்-சிஜி, நியூட்டன்-சோலெஸ்கி, சாக், சாகா என ஆறு முறைகள் உள்ளன. எது துல்லியமானது என்று தேட வேண்டியதில்லை. எல்2 ஒழுங்காக்கம் (குணகங்கள் மிகப் பெரிதாகாமல் அவற்றின் வர்க்கங்களுக்குத் தண்டம் விதிப்பது) இருக்கும்போது, இந்த மாதிரியின் பிழையை அளக்கும் இழப்புச் சார்புக்குத் தாழ்புள்ளி ஒன்றே என்பதால், முழுமையாக ஓடி முடித்த முறைகள் ஏறத்தாழ ஒரே குணகங்களையே தரும்; நேரமும் நினைவகமும்தான் மாறுபடும். மாறிலி உறுப்பையும் சேர்த்து ஒழுங்காக்கும் லிப்லீனியரின் விடை மட்டும் சற்று விலகி நிற்கும்.

முதல் படியாக, தரவின் அளவுகோலைச் சீராக்குங்கள். ஒரு நெடுவரிசையில் வயதும் மற்றொன்றில் ஆண்டு வருமானமும் இருந்தால், சாக், சாகா இரண்டும் மிக மெதுவாகவே முன்னேறும். அளவுகோலைச் சீராக்கும் ஸ்டாண்டர்ட்ஸ்கேலரை, படிகளை வரிசையாக இணைக்கும் ஒரு பைப்லைனுக்குள் வைத்தால், சோதனைத் தரவின் சராசரி பயிற்சிக்குள் கசியாமலும் இருக்கும்.

இரண்டாவதாக, எந்த ஒழுங்காக்கம் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். எல்1 (சில குணகங்களைச் சுழியாக்கிவிடுவது) வேண்டுமெனில் லிப்லீனியர் அல்லது சாகா. எல்1, எல்2 இரண்டும் கலந்த எலாஸ்டிக்-நெட் வேண்டுமெனில் சாகா மட்டுமே.

எல்2 போதுமெனில், தரவின் வடிவம்தான் தீர்மானிக்க வேண்டும், இங்கே அவசரப்படாதீர்கள். பண்புக்கூறுகளைவிட (நெடுவரிசைகளைவிட) வரிசைகள் பன்மடங்கு அதிகமாக இருந்தால், குறிப்பாக வகைப் பெயர்கள் ஒன்-ஹாட் முறையில் (ஒவ்வொரு வகைக்கும் 0 அல்லது 1 கொண்ட ஒரு நெடுவரிசை) மாற்றப்பட்டிருந்தால், 1.2ஆம் பதிப்பில் சேர்ந்த நியூட்டன்-சோலெஸ்கி சிறப்பாக இயங்கும். ஆனால் அது இரண்டாம் வகைக்கெழுக்களின் அணியை முழுமையாகக் கட்டுகிறது. உரைத் தரவில் 50,000 சொற்கள் பண்புக்கூறுகளானால், இரு வகுப்புக் கணக்கிலேயே அந்த அணிக்கு 250 கோடி உறுப்புகள். உறுப்புக்கு 8 பைட் வீதம் சுமார் 20 ஜிகாபைட் நினைவகம் அதற்கே போய்விடும். எல்பிஎஃப்ஜிஎஸ் அந்த அணியைக் கட்டாமல், அண்மைய சில படிகளின் சரிவு மாற்றங்களை மட்டும் வைத்துக்கொண்டு வளைவை ஊகிப்பதால், ஐயம் எழும்போது அதையே நான் பரிந்துரைப்பேன். வரிசைகளும் பண்புக்கூறுகளும் மிகப் பெருகிய தரவுக்குச் சாகாவை முயன்று பார்க்கலாம்.

அடுத்து, இயக்கிய பின் வரும் எச்சரிக்கையைப் புறக்கணிக்காதீர்கள். ‘கன்வர்ஜென்ஸ் வார்னிங்’ வந்தால், இயல்பான 100 சுற்றுகளுக்குள் கணக்கு முடியவில்லை என்று பொருள். உடனே சுற்றுகளைக் கூட்டாமல், அளவுகோல் சீராக உள்ளதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும். அதன் பிறகே வரம்பை உயர்த்துங்கள்.

இறுதியாக, பிறரும் இயக்கப்போகும் திட்டம் என்றால், சால்வரின் பெயரை நிரலில் வெளிப்படையாக எழுதி, நூலகத்தின் பதிப்பையும் குறிப்பிடுங்கள். லிப்லீனியராக இருந்த இயல்புத் தேர்வு 0.22ஆம் பதிப்பில் எல்பிஎஃப்ஜிஎஸ் ஆனது. பெயர் குறிப்பிடாத பழைய நிரல்கள், ஓர் எழுத்தும் மாறாமலேயே, அன்று முதல் வேறு முறையில் இயங்கத் தொடங்கின.