குறிஞ்சி பார்க்கச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரளத்தில் மூணாறுக்கு அருகே, 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவின் புல்வெளிச் சரிவுகளில் நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலர்கிறது. அங்கே 2006-இலும் 2018-இலும் பூத்தது; அடுத்த பூப்பு 2030-இல் எதிர்பார்க்கப்படுகிறது. இந்தக் கணக்கை அறியாமல், கைப்பேசியில் வந்து சேரும் படத்தை நம்பிக் குடும்பத்தோடு புறப்பட்டுவிடுவதே பலர் செய்யும் முதல் தவறு. மேற்குத் தொடர்ச்சி மலையில் குறிஞ்சியின் உறவுச் செடிகள் பல உள்ளன. அவற்றின் பூப்புக் காலம் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆகவே படம் எந்த மலையில், எந்த ஆண்டில் எடுக்கப்பட்டது என்று தெரிந்துகொள்ளாமல் கிளம்பியவர் வெறும் புல்லைப் பார்த்துத் திரும்ப நேரிடும். வெறும் புல் என்பதும் நாம் சொல்வதுதான்.

பூக்கும் ஆண்டிலும் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரையிலான மழைக்காலத்தில்தான் மலர்ச்சி உச்சத்துக்கு வருகிறது. ஒரே நாளில் போய்த் திரும்பத் திட்டமிட்டால் மூடுபனி மட்டுமே மிஞ்சலாம். 2018 ஆகஸ்டில் பெருவெள்ளம் சாலைகளைத் துண்டித்ததால் அங்கு செல்லவே முடியாமற்போனவர்கள் ஏராளம்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு பூப்பறிப்பது. ஒரு கொத்துதானே, செடி மறுபடியும் பூக்காதா என்று கேட்பவர்கள் குறிஞ்சியைச் செம்பருத்தியோடு சேர்த்து எண்ணுகிறார்கள். குறிஞ்சிச் செடி தன் வாழ்நாளில் ஒரே முறை பூத்து, விதை தந்து, மடிந்துவிடும். 2018-இல் சரிவை நிறைத்தவை 2006-இன் விதைகளிலிருந்து எழுந்த செடிகளே. அந்தக் கொத்து விதையாகும் முன்பே பறிக்கப்பட்டால், அதற்கு ஈடுசெய்ய அந்தச் செடிக்கு இன்னொரு பருவம் கிடையாது. வேரோடு பிடுங்கி வீட்டுத் தொட்டியில் நட்டுப் பார்க்கும் ஆசை இதைவிடக் கேடு செய்வது. மலையின் குளிரும் உயரமும் தொட்டிக்கு வருவதில்லை. இச்செடி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டிருப்பதால் பறிப்பதும் பிடுங்குவதும் குற்றமும் ஆகும். சங்கப் பாடல்கள் போற்றும் குறிஞ்சித்தேனை நினைத்தாலே போதும், அந்தப் பூ யாருக்கு உரியது என்பது விளங்கும்.

பூங்காவில் பார்வையாளர்கள் ராஜமலைப் பகுதிக்கு மட்டுமே அனுமதிக்கப்படுகிறார்கள். அங்கே வரையாடுகள் மனிதரைக் கண்டு ஓடாமல் பாதையோரமே மேய்வதால், அவை பழக்கப்பட்ட ஆடுகள் என்று எண்ணிச் சிலர் தின்பண்டம் நீட்டுகிறார்கள். தொட்டுப் பார்க்கவும், அருகில் நின்று தற்படம் எடுக்கவும் முயல்கிறார்கள். தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழ்வது; நம் கைத்தீனி அதற்கு உணவல்ல. அவை குட்டி ஈனும் பருவத்தில், வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், பூங்கா பார்வையாளர்களுக்கு மூடப்படும். இதை விசாரிக்காமல் வந்து வாயிலில் நின்று காவலரோடு வாதாடுவோரைக் காண்பது சங்கடமான காட்சி.

பூக்காத ஆண்டுகளில், இப்போது ஒன்றுமில்லையே என்று பாதையை விட்டு இறங்கிப் புல்லில் நடப்பவர்களும் உண்டு. அந்தப் புல்லின் இடையேதான் 2030-க்கான செடிகள் வளர்ந்துகொண்டிருக்கின்றன.