இணையத்தில் ஃபிசிக்கல் ஜியாலஜி: கல்லைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்

நான் 41 வயதில் கல்லூரிக்குத் திரும்பியவள். கலிபோர்னியாவில், ஃப்ரீமாண்ட் நகரில் ஒரு மழலையர் பள்ளியில் வேலை பார்க்கிறேன். பெரிய பள்ளியில் ஆசிரியராக வேண்டுமென்றால் இங்கே இளங்கலைப் பட்டம் வேண்டும். பட்டத்துக்கு ஆய்வகத்தோடு சேர்ந்த அறிவியல் பாடம் ஒன்று வேண்டும். பிள்ளைகள் தூங்கிய பிறகு வீட்டிலிருந்தே படிக்கும்படி அந்தப் பருவத்தில் எனக்குக் கிடைத்தது ஃபிசிக்கல் ஜியாலஜிதான். தமிழில் நிலவியல் என்கிறோமே, அதன் முதல் படி. ஒரு பருவம் முழுக்கச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து முடித்தேன். இப்போது தோழிகள் இரண்டு பேர் அதே பாடத்தை எடுக்கப்போகிறார்கள். அவர்களுக்கு போனில் சொன்னதையெல்லாம் இங்கே எழுதிவைக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. இந்தப் பாடத்தைத் திரையை மட்டும் பார்த்துப் படிக்க முடியாது. வீடியோவில் பத்து முறை பார்த்தாலும் கால்சைட், குவார்ட்ஸ் என்ற இரண்டு கனிமங்களும் ஒரே மாதிரி வெள்ளையாகத்தான் தெரியும். கையில் எடுத்துக் கண்ணாடியில் ஒரு கீறு கீறிப் பாருங்கள், அரை நிமிடத்தில் இரண்டும் பிரிந்துவிடும். கல், பென்சில், காகிதம், வாசலுக்கு வெளியே இருக்கும் நிலம், இவைதான் உண்மையான வகுப்பறை.

சேரும் முன்

கலிபோர்னியா சமுதாயக் கல்லூரிகளில் மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்கு (பாடச்சுமையை அளக்கும் அலகு) 46 டாலர். உரை வகுப்பு 3 யூனிட், ஆய்வகம் 1 யூனிட் என்று எடுத்தால் 184 டாலர், அதற்கு மேல் சில்லறைக் கட்டணங்கள். பல கல்லூரிகளில் உரை வகுப்பும் ஆய்வகமும் தனித்தனி எண்ணில் இருக்கும். உரை வகுப்பில் மட்டும் சேர்ந்துவிட்டு, ஆய்வகத் தேவை தீர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் பிறகு போகப்போகும் பல்கலைக்கழகம் எதை ஏற்கும் என்பதை 'அசிஸ்ட்' என்ற மாநிலத் தளத்தில் பார்த்துக்கொண்டு பதியுங்கள். வகுப்புப் பட்டியலில் பாடநூல் செலவு இல்லை என்ற குறி போட்ட வகுப்புகள் இருக்கும். நிலவியலுக்கு நல்ல இலவசப் பாடநூல்கள் உண்டு, அதனால் அந்தக் குறி உள்ள வகுப்பையே தேடுங்கள்.

நேரக் கணக்கை நேர்மையாகப் போடுங்கள். ஒரு யூனிட் என்றால் குறைந்தது 48 மணி நேர உழைப்பு என்பது இங்குள்ள கணக்கு. நான்கு யூனிட்டுக்கு 192 மணி. 16 வாரப் பருவத்தில் வாரம் 12 மணி நேரம் வருகிறது. அதையே கோடையில் 8 வாரத்தில் எடுத்தால் வாரம் 24 மணி. வேலைக்குப் போய்க்கொண்டு கோடை வகுப்பில் சேராதீர்கள், கண்டிப்பாகச் சொல்கிறேன். கல்லைப் பார்த்துப் பழக நாள் வேண்டும், அவசரப்படுத்தினால் கண் பழகாது.

இணைய வகுப்பில் முதல் வாரத்தில் ஒரு வேலையாவது சமர்ப்பிக்காவிட்டால் வராதவர் என்று கருதிப் பெயரை நீக்கிவிடுவார்கள். அறிமுகப் பதிவு எழுதச் சொன்னால் முதல் நாளே எழுதிவிடுங்கள்.

பெட்டி

என் வகுப்பில் பாறை மாதிரிப் பெட்டி ஒன்றை வாங்கச் சொன்னார்கள். இருபது கல், பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு லென்ஸ், கண்ணாடித் துண்டு, மெருகில்லாத பீங்கான் ஓடு, காந்தம், ஆணி. வகுப்பு தொடங்கிய பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அனுப்பியவர்கள் தாமதம் செய்து மூன்றாவது வாரம்தான் வந்து சேர்ந்தது. கனிம ஆய்வின் கெடுவோ அந்த ஞாயிறு இரவு 11:59. ஆசிரியருக்கு உடனே மின்னஞ்சல் எழுதி நான்கு நாள் வாங்கினேன். இதில் இரண்டு விஷயம்: இடம் உறுதியான அன்றே பெட்டிக்குச் சொல்லிவிடுங்கள், சிக்கல் வந்தால் கெடுவுக்கு முன்பே எழுதுங்கள்.

பெட்டி வந்ததும் ஒவ்வொரு கல்லிலும் வெள்ளை நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்து, காய்ந்த பிறகு அதன்மேல் எண் எழுதுங்கள். கற்கள் ஒன்றோடொன்று கலந்துபோனால் ஆரம்பத்தில் உங்களால் திரும்பப் பிரிக்க முடியாது.

இனி சோதனைகள். ஒரே வரிசையில் செய்து பழகுங்கள்: பளபளப்பு, கடினம், பிளவுத்தளம், பொடியின் நிறம், மற்றவை கடைசியில். கல்லின் மேல்நிறத்தை நம்பாதீர்கள். குவார்ட்ஸ் வெள்ளையாகவும் வரும், ரோஜா நிறத்திலும் வரும், ஊதாவாகவும் வரும்.

கடினத்துக்கு மோஸ் அளவுகோல். 1812-இல் ஃபிரெட்ரிக் மோஸ் வகுத்தது. மிக மென்மையான டால்க் 1, மிகக் கடினமான வைரம் 10. இதை மனப்பாடம் செய்வதைவிட உங்களிடம் உள்ள பொருள்களின் எண்ணைத் தெரிந்துகொள்வது பயன்படும். விரல்நகம் சுமார் 2.5. செம்புக் காசு மூன்றை ஒட்டி இருக்கும். அமெரிக்காவில் ஒரு சென்ட் காசு 1982-க்கு முந்தையதாக இருக்க வேண்டும், அதற்குப் பிறகு வந்தவை செம்பு பூசிய துத்தநாகம். கண்ணாடி சுமார் 5.5. கண்ணாடியை மேசைமேல் படுக்க வைத்துக் கல்லால் கீறுங்கள், கையில் பிடித்துக்கொண்டு கீறாதீர்கள். கோடு விழுந்ததும் விரலால் துடைத்துப் பாருங்கள். துடைத்தால் போய்விடுவது கல்லின் பொடி, நிற்பதுதான் கீறல். கால்சைட் 3, கண்ணாடியைக் கீறாது. குவார்ட்ஸ் 7, சுலபமாகக் கீறிவிடும்.

எனக்கு நிறைய நாள் எடுத்தது பிளவுத்தளம்தான். ஒரு கனிமம் உடையும்போது சமதளமாக, ஒரே திசைகளில் உடைகிறதா என்று பார்ப்பது. கல்லுப்பை லென்ஸில் பாருங்கள்: மூன்று திசை, எல்லாம் 90 பாகை. சின்னச் சின்னக் கட்டம். கால்சைட்டுக்கும் மூன்று திசைதான், ஆனால் சாய்ந்த பெட்டி. குவார்ட்ஸுக்குப் பிளவுத்தளமே கிடையாது, உடைந்த பாட்டில் சில்லு போல வளைந்து உடையும். விளக்குக்குக் கீழே கல்லை மெதுவாகத் திருப்புங்கள். ஒரு முகம் முழுவதும் ஒரே நொடியில் பளிச்சென்று மின்னினால் அது பிளவுத்தளம். இந்த மின்னல் எந்தப் புகைப்படத்திலும் வராது. ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தை நான் கண்டுபிடித்தது இப்படித் திருப்பித் திருப்பித்தான்.

பீங்கான் ஓட்டில் கல்லைத் தேய்த்தால் விழும் பொடிக்கோட்டை ஸ்ட்ரீக் என்பார்கள். வெள்ளி போல மின்னும் ஹெமடைட்டைத் தேய்த்தால் செங்கல் நிறக் கோடு விழும். பொன் போல மின்னும் பைரைட் கருப்பாகக் கோடு போடும். என் மகள் இதைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் ஓட்டை என்னிடம் திருப்பித் தரவில்லை. கையில் எடுத்ததும் எடையால் அசரவைக்கும் கல் கலீனா, ஈயத்தின் தாது. தொட்டால் கை கழுவாமல் சமையலறைக்குள் போகாதீர்கள்.

அமிலச் சோதனைக்கு வீட்டு வினிகர் போதும். ஆனால் அது மெலிந்த அமிலம், எனவே ஆணியால் கொஞ்சம் சுரண்டிப் பொடியாக்கி அதன்மேல் ஒரு சொட்டு விடுங்கள். லென்ஸில் குமிழி தெரிந்தால் கால்சைட். இதே சோதனை பாறைகளிலும் கைகொடுக்கும்: சுண்ணாம்புக்கல்லும் மார்பிளும் நுரைக்கும், பார்க்க மார்பிள் போலவே இருக்கும் குவார்ட்சைட் நுரைக்காது.

சொற்கள்

வினாத்தாளில் மதிப்பெண் போவது பெரும்பாலும் ஒன்று போல ஒலிக்கும் சொற்களால். நான் நோட்டில் ஆங்கிலச் சொல்லுக்குப் பக்கத்தில் தமிழில் ஒரு வரி எழுதிவைத்தேன். வெதரிங் என்றால் பாறை இருந்த இடத்திலேயே சிதைவது. எரோஷன் என்றால் சிதைந்ததை நீரோ காற்றோ எடுத்துக்கொண்டு போவது. மாக்மா நிலத்துக்குள், லாவா வெளியே. மேக்னிட்யூட் என்பது நிலநடுக்கத்தின் அளவு, பொதுவாக ஒரு நடுக்கத்துக்கு ஒரு எண். இன்டென்சிட்டி என்பது ஓரிடத்தில் அது எவ்வளவு ஆட்டியது என்பது, இடத்துக்கு இடம் மாறும். தமிழில் எழுதியது எனக்குத் தேர்வறை வரை வந்தது.

உருளைக்கிழங்கும் புடவையும்

நிலவரைபடத்தில் ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகள் பலரைப் பயமுறுத்தும். ஒரு பெரிய உருளைக்கிழங்கை நீளவாக்கில் பாதியாக வெட்டிக் கவிழ்த்து வையுங்கள். அது மலை. அடியிலிருந்து ஒவ்வொரு சென்டிமீட்டரிலும் படுக்கைவாக்கில் வெட்டுங்கள். கீழ்த் துண்டை முதலில் காகிதத்தில் வைத்துச் சுற்றிக் கோடு போடுங்கள், அடுத்த துண்டை அதன் இடத்தில் வைத்து அடுத்த கோடு. சரிவு செங்குத்தான பக்கத்தில் கோடுகள் நெருங்கியிருக்கும், சாய்வான பக்கத்தில் விலகியிருக்கும். கிழங்கில் கத்தியால் ஒரு பள்ளத்தாக்கு செதுக்கிவிட்டுச் செய்தால் கோடுகள் அங்கே ஆங்கில வீ எழுத்தாக வளைவதையும், அதன் முனை மேட்டுப் பக்கம் காட்டுவதையும் பார்ப்பீர்கள். ஆறு எந்தத் திசையில் ஓடுகிறது என்ற கேள்விக்கு இதுதான் விடை: முனைக்கு எதிர்ப்பக்கம், பள்ளத்தை நோக்கி. பிறகு அமெரிக்க நிலவியல் அளவைத் துறையின் 1:24,000 வரைபடத்தில் உங்கள் ஊரை இலவசமாகத் தரவிறக்கிப் படியுங்கள். அதில் ஒரு அங்குலம் 2,000 அடி.

காலக் கணக்குக்கு நமக்கு ஒரு வசதி இருக்கிறது. பாடநூல் மில்லியன், பில்லியன் என்று எழுதும். நீங்கள் கோடியில் மாற்றிக்கொள்ளுங்கள். பூமியின் வயது சுமார் 454 கோடி ஆண்டு. ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு கோடி ஆண்டு என்று வைத்தால் நாலரை மீட்டர், அதாவது ஒரு புடவைக்குள் அடங்கிவிடும். பழைய பருத்திப் புடவையின் கரையில் ஊக்கு குத்தினேன். இன்றைய நாள் முந்தானை ஓரம். அங்கிருந்து 6.6 சென்டிமீட்டரில் டைனோசர்களின் முடிவு. 54-ஐ ஒட்டி, பலவகை விலங்குகள் பெருகிய கேம்பிரியன் காலத்தின் தொடக்கம். மனித இனத்தின் மூன்று லட்சம் ஆண்டுகள் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு, ஊக்கின் முனைக்குள் போய்விட்டது. புடவையைக் கூடத்தில் விரித்து வைத்துவிட்டு அந்த இரவு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிலநடுக்க ஆய்வுக்கு வட்டம் வரையும் காம்பஸ் ஒன்று வாங்கி வையுங்கள். நடுக்கத்திலிருந்து முதலில் வந்துசேரும் பி அலைக்கும் அடுத்து வரும் எஸ் அலைக்கும் இடையிலான நொடிகளை எட்டால் பெருக்கினால், அருகில் நடந்த நடுக்கத்துக்கு ஏறக்குறைய தூரம் கிலோமீட்டரில் வரும். மூன்று நிலையங்களிலிருந்து மூன்று வட்டம் போட்டால் அவை வெட்டும் இடம்தான் மையம்.

வெளியே போங்கள்

களப்பயணத்தை கூகுள் எர்த்திலேயே முடித்துக்கொள்ளலாம் என்று எங்கள் வகுப்பில் அனுமதி இருந்தது. நான் முடித்துக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டிலிருந்து சிறிது தூரத்தில் ஹேவார்ட் பிளவு ஓடுகிறது, இரண்டு பக்க நிலமும் ஒன்றையொன்று உரசி நகரும் நீண்ட விரிசல். 1868 அக்டோபர் 21-இல் பெரிய நடுக்கத்தைத் தந்த பிளவு. இன்றும் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் சத்தமில்லாமல் நகர்கிறது. ஹேவார்ட் ஊரில் ஒரு தெருமுனையின் கல்வரம்பு இந்த நகர்வால் இரண்டாக விலகிக்கொண்டே வந்தது. நிலவியலாளர்கள் பல பத்தாண்டுகளாகப் படம் எடுத்துவந்த இடம். 2016-இல் சக்கர நாற்காலிச் சரிவுக்காக நகராட்சி அதை இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டது. அந்த இழப்பு எனக்கு இன்னும் வலிக்கிறது. ஆனால் அக்கம்பக்கத்துத் தெருக்களில் வளைந்த நடைபாதைகளையும் வெடித்த சுவர்களையும் தேடிப் பார்க்கலாம்.

கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டியதும் மாரின் முனையில் சிவப்பு செர்ட் அடுக்கடுக்காக மடிந்து நிற்கும். கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்களின் சிலிக்கா ஓடுகள் ஆழ்கடலில் கோடிக்கணக்கான ஆண்டு படிந்து உண்டான பாறை. அங்கே கல் எடுக்க அனுமதி இல்லை. பக்கத்தில் ஒரு காசு வைத்துப் படம் எடுங்கள், அளவு தெரியும். படத்தைவிட முக்கியம், நின்று கையால் வரைவது. வரைய உட்கார்ந்தால்தான் எந்த அடுக்கு எங்கே மடிகிறது என்று கண் கேட்கும்.

கடைசி விவாதத் தலைப்பு: நீங்கள் அறிந்த ஊரின் பாறை. நான் பல்லாவரத்தில் வளர்ந்தவள். மலையில் வெடி வைக்கும் சத்தத்தையும் லாரியில் போகும் ஜல்லியையும் பார்த்தே பள்ளிக்குப் போனவள். எங்களுக்கு அது கருங்கல், அவ்வளவுதான். தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, அது சார்னோகைட். பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் உள்ள பாறையை ஆராய்ந்து 1893-இல் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் வைத்த பெயர். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இதே வகை என்பதால் அந்தப் பெயர். உலகத்தில் எங்கே இந்தப் பாறை கிடைத்தாலும் எங்கள் மலையோடு ஒப்பிட்டுத்தான் பேசுவார்கள். வயது சுமார் 250 கோடி ஆண்டு, புடவையில் இரண்டரை மீட்டர்.

அடுத்த முறை அண்ணன் வந்தபோது வீடு கட்டிய இடத்தில் மிஞ்சிக் கிடந்த துண்டு ஒன்றைக் கொண்டுவரச் சொன்னேன். மண் ஒட்டியிருந்தால் விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள், தேய்த்துக் கழுவிக் கொண்டுவா என்றேன். மேசையில் வைத்துச் சோதித்தேன். கண்ணாடியைக் கீறியது. வினிகருக்கு அசையவில்லை. லென்ஸில் எண்ணெய் தடவியது போன்ற நீலச் சாம்பல் குவார்ட்ஸ், திருப்பினால் மின்னும் ஃபெல்ட்ஸ்பார், இடையிடையே பைராக்சீன் என்ற கருத்த கனிமம். நகப்பூச்சால் 21 என்று எண் போட்டேன். வரும் சனிக்கிழமை பெட்டி என் தோழி வீட்டுக்குப் போகிறது. அந்தக் கல்லும் அதில் இருக்கிறது.